சோளக்காட்டுக்குள் ஒளிந்த கை

நீங்கள் அறுபதைத் தாண்டியவர் என்றால் சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே சுருட்டிப் பாருங்கள். புஜத்தில் காலணா அகலத்துக்கு, உள்ளே குழிந்து, ஓரத்தில் ரேகை ஓடி, ஒரு தழும்பு இருக்கும். சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையும் ஊர்ச் சாவடியில் மறு தடவையுமாக மாட்டிக்கொண்டவர்களுக்கு அதற்கும் மேல். கையில்லாத ரவிக்கை நாகரிகம் வந்தபோது அதைப் போடத் தயங்கியதற்கு மாமியார் மட்டும் காரணமல்ல, இந்தத் தழும்பும்தான் என்று என் சம்சாரம் இன்றைக்கும் சொல்வாள். என் மகன் கையில் அது இல்லை. அவன் பிறப்பதற்குள் பெரியம்மை போயேபோய்விட்டது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் கடைசி நோயாளி, 1977இல் நாடு விடுபட்டது என்ற அறிவிப்பு, 1980இல் உலகமே. அண்மையில் பேரன் அந்தக் குழியில் விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "யாராச்சும் சூடு வெச்சுட்டாங்களா தாத்தா?" என்று கேட்டான். எந்த நோய்க்காகக் குத்தினார்களோ அந்த நோயின் பெயரே அவனுக்குத் தெரியவில்லை. வெற்றி அவ்வளவு முழுமை.

தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் 1962இல் தொடங்கியபோது எனக்குப் பள்ளிக்கூடம் சேர்கிற வயது. டில்லியில் அப்படியொரு திட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது, சூலூருக்குக் கிழக்கே இருந்த என் அம்மாவின் ஊருக்குக் காக்கி டவுசரும் தோல்பையுமாகச் சைக்கிளில் வந்து இறங்கிய ஒரு மனிதர் மூலமாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஊருக்கு அவர் 'அம்மை குத்தறவர்'. குளத்துமேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவன் சைக்கிளைப் பார்த்து ஒரு கூப்பாடு போட, அது வாய்க்கு வாய் தாவிப் பள்ளிக்கூடத் திண்ணைக்கு வந்து சேர்வதற்குள், சிலேட்டைப் போட்டது போட்டபடி நாங்கள் ஆளுயரச் சோளக்காட்டுக்குள் புகுந்திருப்போம். அந்தப் படைக்குத் தளபதி நான்தான். உள்ளே பயம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஊடுபயிராகப் போட்டிருந்த தட்டைக்காயைப் பிஞ்சாகப் பறித்து மென்றுகொண்டு, தாளில் தோல் உரசி அரிக்க அரிக்கச் சொறிந்துகொண்டு, வெளியில் கேட்கும் ஒவ்வொரு குரலும் யாருடையது என்று பந்தயம் கட்டிக்கொண்டு கிடப்போம். சோளக்காட்டில் ஒரு மத்தியானம் முழுக்க ஒளிந்து கிடக்கும் சுகத்தை இன்றைய பிள்ளைக்கு எந்தச் செயலியும் தரமுடியாது. ஒளிவதற்குச் சோளக்காடும் இல்லை, எல்லாம் மனையிடமாகிவிட்டது.

எங்களைக் காட்டிக்கொடுத்தது அம்மிச்சிதான், என் அம்மாவைப் பெற்றவள். வரப்பில் நின்று, ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில் கூப்பிடுவாள். "வெளியில வா சாமி, ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கையில ஒரு புண்ணு வந்தா ஆறிப்போகும். கண்ணு போனா வருமாடா?"

அவளுடைய தம்பிக்குப் பெரியம்மையில் இரண்டு கண்ணும் போயிருந்தது. நாங்கள் பார்க்கும்போது அவர் கிழவர். திண்ணையில் உட்கார்ந்து, காலடிச் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடுவார். எங்களுக்கு அது ஒரு வித்தை. அம்மிச்சிக்கு அது வித்தையாக இருந்திருக்காது என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. அந்தத் திண்ணை இருந்த வீட்டில் அம்மை குத்துவதா வேண்டாமா என்ற விவாதத்துக்கே இடமில்லை. என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாவடியில் நிறுத்துவாள். அம்மை குத்தறவர் என் புஜத்தில் ஒரு துளி மருந்தை வைத்து, நுனியில் வட்டமாகப் பற்கள் வைத்த ஒரு கருவியை அதன்மேல் அழுத்தி ஒரு திருகு திருகுவார். நான் ஊர் கேட்க அலறுவேன். தளபதியின் மானம் அன்றோடு சரி.

ஆனால் அதற்குப் பிறகு வருவதுதான் ராஜ வாழ்வு. நாலாம் நாள் கொப்புளம் எழும்பும், காய்ச்சல் வரும். உடனே வீட்டில் தாளிப்பு நின்றுவிடும். எனக்கு வேப்பிலைப் படுக்கை, இளநீர், ஆறிய கம்பங்கூழ், பள்ளிக்கூடத்துக்கு லீவு. சர்க்காரின் மருந்துக்கும் மாரியம்மனுக்கும் நடுவே அம்மிச்சி கோடு எதுவும் கிழித்துக்கொள்ளவில்லை. "ஆத்தாளையே துளியூண்டு கையில எறக்கி விட்டுட்டுப் போறாங்க" என்பது அவள் கட்சி. பின்னாளில் அறிவியல் ஆசிரியனாகி, நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிக் கரும்பலகை நிறையப் படம் போட்டுக் காட்டியபோதெல்லாம், அவளுடைய அந்த ஒரு வாக்கியத்தைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லமுடிந்ததில்லை. இதில் இன்னொரு வேடிக்கை. திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த அம்மைப்பாலை மக்கள் ஏற்கவேண்டுமே என்று சக்திக்கும் தன்வந்திரிக்கும் நடக்கும் உரையாடலாகத் தமிழிலேயே ஒரு கதை எழுதினார். கம்பெனி உத்தியோகஸ்தர் ஏட்டில் எழுதிப் பரப்ப நினைத்ததை என் அம்மிச்சி யாரும் சொல்லித்தராமல் அடுப்படியிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

இதை இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும்: நோயின் கோரத்தைக் கண்டவர்கள் ஊசிக்குக் கை நீட்டினார்கள், காணாதவர்கள் நீட்டவில்லை என்று. ஆனால் அதே வீட்டில் அம்மிச்சியின் வீட்டுக்காரர் அப்புச்சியும் இருந்தாரே.

கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்குப் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரைக் கேட்டால் சிரிப்பு வராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, பிறகும் விட்டு விட்டு வந்த பிளேக்கில் வீடு வீடாகப் பிணம் தூக்கிய ஊர் அது. அதற்கென்றே அம்மனுக்குக் கோயில் எடுத்தார்கள். எலி விழுந்தால் ஊரைக் காலி செய்துகொண்டு காட்டில் குடிசை போட்டுத் தங்கவேண்டும். அம்மிச்சியும் அப்புச்சியும் சின்னப் பிராயத்தில் ஒரே பிளேக்கைப் பார்த்தவர்கள், ஏறக்குறைய ஒரே வயதில். அவள் அதில் பார்த்தது, அக்குளில் கட்டி வந்து மூன்றே நாளில் போன அக்காளை. அவர் பார்த்தது, தொப்பி போட்ட அதிகாரி வந்து, வெயில் உள்ளே விழட்டும் என்று கூரையின் ஓட்டைப் பிரிக்கச் சொல்லி, படுக்கையையும் துணியையும் தெருவில் போட்டுக் கொளுத்தியதை. அவருடைய வீட்டில் யாரும் சாகவில்லை. ஓடு மட்டும் போயிற்று. அன்றிலிருந்து அரசாங்கம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவள் கதவைத் திறப்பாள், அவர் கொல்லைப்புறமாகத் தோட்டத்துக்குப் போய்விடுவார். பிளேக்குக்கு எதிரான ஊசியை ஹாஃப்கின் என்பவர் 1897இலேயே பம்பாயில் தனக்குத்தானே போட்டுக்காட்டிவிட்டார் என்று நான் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னபோது, அப்புச்சி வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "அவரு ஊட்டு ஓட்டைப் பிரிச்சாங்களா?"

அவருக்குத் துணையாக ராஜாஜி வேறு வாய்த்தார். காசநோய்க்கு எதிராக நாடெங்கும் பி.சி.ஜி. போடும் இயக்கத்தை எதிர்த்து 1955இல் ராஜாஜி ஒரு சிறுநூலே எழுதினார். அப்புச்சி அதைப் படித்தாரா என்பது சந்தேகம், ஆனால் மூதறிஞர் சொல்லிவிட்டார் என்பது போதுமாக இருந்தது. இளவட்டமான எனக்கு ராஜாஜி பிற்போக்கு, அப்புச்சி அதைவிடப் பிற்போக்கு. காலம் என்ன செய்தது பாருங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த மிகப் பெரிய ஆய்வு, வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று சொல்லிவிட்டது. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய்களைத் தடுக்கிறது என்பதால் பிறந்தவுடன் போடுவது மட்டும் இன்றும் தொடர்கிறது. ராஜாஜி சொன்ன காரணங்களுக்கும் ஆய்வு சொன்ன காரணத்துக்கும் ஏழாம் பொருத்தம்தான். இருந்தாலும் அப்புச்சி உயிரோடு இருந்திருந்தால் அந்தச் செய்தியைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். நல்லவேளை, அதற்குள் போய்ச் சேர்ந்தார்.

அப்புச்சி ஒரே ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டவர். போட்டுக்கொண்டவர் என்றால், தேடிப்போய்ப் போட்டுக்கொண்டவர். களத்துமேட்டில் வெறிநாய் அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்து நாய்க்கடி ஊசி உங்களுக்கு நினைவிருக்கும், தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாராகும் மருந்து. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வரும். அரசாங்கத்தின் ஒரு சொட்டு மருந்தையும் உடம்பில் ஏற்றமாட்டேன் என்றிருந்த மனிதர், பொழுது விடியுமுன் மாட்டுவண்டியைப் பூட்டச் சொல்லி, பெரியாஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நின்று, வேட்டியைத் தளர்த்தி வயிற்றைக் காட்டினார். ஒருநாள் தவறவில்லை. மனிதனுக்குக் கை நீட்ட விஞ்ஞானமெல்லாம் வேண்டியதில்லை, கடித்த நாய் கண்ணெதிரே நிற்கவேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்கவேண்டும். எனக்கு அப்போது தோன்றியது, கிழவருக்கு நன்றாக வேண்டும் என்பது மட்டுமே.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. நான் கல்லூரியில். வடக்கே நடந்த அளவுக்கு நம் பக்கம் பலாத்காரம் இல்லை என்பார்கள், ஆனால் 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தபோது, இலக்கை எட்டவேண்டிய கவலை ஊர் ஊராக இறங்கத்தானே செய்யும்? ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் கரும்புக்காட்டுக்குள் போனார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன் பையன்களாகச் சோளக்காட்டில் ஒளிந்த அதே ஆட்கள். இப்போது மீசை வைத்துக்கொண்டு ஒளிந்தார்கள், யாரும் தட்டைக்காய் தின்னவில்லை. காதைப் பிடித்து இழுத்து வர அம்மிச்சிகளும் முன்வரவில்லை. அதற்குப் பிறகு பல வருஷம், எந்த நர்ஸம்மா எந்த ஊசியோடு வந்தாலும், "இது அதுக்கில்லீங்களே?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஊரில் சட்டையைக் கழற்றுவார்கள். நெருக்கடி காலத்தில் கருத்தடை அதிகம் நடந்த இடங்களில், நாற்பது வருஷம் கழித்தும் குழந்தைகளுக்குத் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படுவது குறைவாக இருக்கிறது என்று பொருளாதார ஆய்வாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அவ்வளவு கணக்கு தேவைப்பட்டிருக்காது.

மக்கள் மட்டும்தான் இப்படி என்று எண்ணவேண்டாம். சூடு கண்ட அரசாங்கமும் ஒதுங்கத்தான் செய்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாட்டில் ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வாருங்கள் என்று மாற்றினார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில், எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகளின் விழுக்காடு 2005-06இல் 81ஆக இருந்தது, 2015-16இல் 70க்கு இறங்கி, அடுத்த ஆய்வில் 89க்கு ஏறியது. இறக்கத்துக்கு அது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் சைக்கிளில் வீடு தேடி வந்த மனிதர் நின்றுபோனதை நான் ஒரு இழப்பாகத்தான் நினைக்கிறேன், ஒரு காலத்தில் அவரைக் கண்டு ஓடியவன் என்றபோதிலும்.

போலியோ சொட்டு மருந்துக்கு நான் மேஜை போட்டு உட்கார்ந்த வாத்தியார். 1995 டிசம்பரில் முதல் தவணை. கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். வரிசையில் நின்ற ஒவ்வொரு தாயின் தெருவிலும் இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய ஒரு பிள்ளை இருந்தது. இரும்புச் சட்டம் மாட்டிய கால் தரையில் தேய்கிற சத்தம் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வகுப்பில் இருந்தவனை நாங்கள் கால்பந்துக்குக் கோல் காக்க வைப்போம், அவனும் பெருமையாக நிற்பான். இரண்டு சொட்டு, சுண்டுவிரலில் மை, ஒரு மிட்டாய். அந்த மையைக் குழந்தைகள் இரண்டு நாள் எல்லோரிடமும் நீட்டிக் காட்டிக்கொண்டு திரியும். 2011 ஜனவரியோடு இந்தியாவில் போலியோ கடைசி, 2014இல் சான்றிதழ். சத்தம் நின்றது. சத்தத்தோடு ஞாபகமும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பள்ளிக்கூடங்களுக்கு வந்தபோது ஞாபகம் இருந்த இடத்தில் வாட்ஸப் இருந்தது. என் மகன் பொறியாளன், தன் கையில் எந்தத் தழும்பும் இல்லாதவன், "எதுக்கும் கொஞ்சம் விசாரிச்சுட்டுப் போடலாம்ப்பா" என்றான். யாரிடம் விசாரிப்பது? அடையாறில் யாரோ பேசிய குரல் பதிவிடமா? நான் பெரியம்மையைச் சொன்னேன், கண் போன கிழவரைச் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், நான் தஞ்சாவூர்க் கோயில் கட்டிய கதையைச் சொன்னால் எப்படிக் கேட்பானோ அப்படி. அன்றைக்குப் பேரனின் காதைப் பிடித்து இழுத்துப்போக வீட்டில் ஓர் அம்மிச்சி இல்லாத குறையை, நான் என் கிழட்டுக் கையாலேயே தீர்த்து வைத்தேன்.

அப்புறம் 2021. அதை நான் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும், இருந்தாலும் வரிசையைப் பாருங்கள். மார்ச்சில் அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கொரோனா ஊசி என்றார்கள்; எங்கள் சுகாதார நிலையத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக், மக்கள் தயங்கவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி அதிகாலை மாரடைப்பில் காலமானார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள், பின்னர் மத்திய அரசின் குழுவும் சொன்னது. யார் கேட்டார்கள்? மரம் நடச் சொன்ன மனிதர், எல்லோர் வீட்டுக்கும் வேண்டியவர். அவர் சாவை எங்கள் தெரு சொந்தச் சாவாகவே பார்த்தது. ஈயும் வராமல் போயிற்று.

அதே ஆண்டு மே மாதம் இரண்டாம் அலை எங்களைத் தேடி வந்தது. மாதக் கடைசியில் தினசரி எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்தியது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே மணிக்கணக்கில் காத்துக் கிடந்ததைப் பார்த்த மறுவாரம், ஊர் முழுக்க ஒரே கேள்வி, "ஊசி எங்கீங்க போடறாங்க?" இப்போது ஊசி இல்லை. விடிகாலை மூன்று மணிக்கே டோக்கனுக்கு வரிசை. செருப்பை வைத்து, கல்லை வைத்து, தண்ணீர் பாட்டிலை வைத்து இடம் பிடித்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பிறகு அந்தக் கலையை மறந்துவிட்டோம் என்று நினைத்தேன், மறக்கவில்லை. இளைஞர்கள் கோவின் தளத்தில் இடம் திறக்கிற கணத்துக்காக அலைபேசியை வெறித்துக்கொண்டிருந்தார்கள். 'எதுக்கும் விசாரிச்சு' என்ற என் மகனும் அதில் ஒருவன். அன்று ஊசி எங்களைத் துரத்திற்று, நாங்கள் ஓடினோம். இன்று நாங்கள் துரத்தினோம், அது ஓடிற்று. இந்தக் களேபரத்துக்கு நடுவே இருகூரில் ஓர் ஆதீனம் 'கொரோனா தேவி'க்குச் சிலையே வைத்துவிட்டது. செய்தியைப் படித்து வெளியூர் நண்பர்கள் சிரித்தார்கள். பிளேக் மாரியம்மன் ஊர்க்காரனான எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அம்மிச்சி இருந்திருந்தால் தேவிக்கு மாவிளக்கு போட்டுவிட்டு, நேரே வந்து வரிசையில் செருப்பை வைத்திருப்பாள்.

செப்டம்பர் 12ஆம் தேதி முதல் மெகா முகாம். மாநிலத்தில் 40,000 இடங்கள், ஒரே நாளில் 28 லட்சம் ஊசிகளுக்கு மேல். போட்டுக்கொண்டவர்களுக்குப் பிரதமர் படம் போட்ட சான்றிதழ் அலைபேசிக்கு வந்தது. புஜத்தில் ஒரு தழும்பும் இல்லை. வேப்பிலைப் படுக்கை இல்லை, காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால், அதுவும் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு. லீவுகூட இல்லாத தடுப்பூசி என்ன தடுப்பூசி?

2022 ஜூலையில் சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டுக்காக, 75 நாளைக்குப் பூஸ்டர் இலவசம் என்றார்கள். நான் போனபோது பந்தலுக்கடியில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. செவிலியர் பெண் என்னைக் கண்டதும் விருந்தாளி வந்தமாதிரி எழுந்து நின்றார். போட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்காரவேண்டும் அல்லவா, உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு நடுத்தர வயது ஆள், கணுக்காலில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நொண்டியபடி அரக்கப்பரக்க ஓடி வந்தார். வரும்போதே சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டிருந்தார்.

"நாய்க்கடி ஊசி இங்கதானுங்களா?"

"அது அந்த ரூமுங்க. முதல்ல கடிச்ச இடத்தைச் சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. அதை முடிச்சுட்டு, டாக்டரைக் கேட்டுட்டு வந்து பூஸ்டரும் போட்டுக்கிறீங்களா? இலவசந்தானுங்க" என்றார் செவிலியர், விடாமல்.

அவர் ஒரு நிமிஷம் பந்தலையும் காலி நாற்காலிகளையும் என்னையும் பார்த்தார். "அது இப்ப யாரையும் கடிக்கறதில்லீங்களே அம்மிணி" என்று சொல்லிவிட்டு, சுருட்டிய கையை இறக்காமலே அந்த அறையைப் பார்த்து நொண்டினார்.